எல்லையில் தொலையும் பிள்ளைக் கணக்கு

(மூணாறில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

இன்று கூலியைப் பற்றியோ போனசைப் பற்றியோ பேச நாம் கூடவில்லை. நம் பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசியைப் பற்றியும், அதை எழுதி வைக்கும் கணக்கைப் பற்றியும் பேசக் கூடியிருக்கிறோம். "ஊசி போடுவது நர்சம்மா வேலை. அதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

ஊசி போடுவது நர்சம்மா வேலை. ஆனால் யாருக்குப் போட வேண்டும் என்று அவருக்கு ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிற பிள்ளையைத் தேடி ஆஷா அக்கா லயத்துக்கு வருகிறார். பெயர் இல்லாத பிள்ளையை யாரும் தேடி வருவதில்லை. பட்டியலில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் விட்டுப் போகிறது என்பது மருந்து சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. அது உரிமை சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே அது சங்கத்தின் வேலையும் ஆகிறது.

நம்மை யார் எண்ணினார்கள்?

நம் பாட்டன் பூட்டன்மார் திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணி பின்னால் இந்த மலை ஏறினார்கள். போடிநாயக்கனூர் வழியாக நடந்தே வந்தவர்கள் ஏராளம். வந்த நாள் முதல் நம்மை எண்ணாமல் யாரும் விட்டதில்லை. பெரட்டுக்களத்தில் தலை எண்ணினார்கள். செக்ரோலில் பேர் எழுதினார்கள். கொழுந்தைக் கிலோக் கணக்கில் எழுதினார்கள். கங்காணியின் நோட்டில் முன்பணத்தையும் வட்டியையும் எழுதினார்கள். கை எத்தனை, கூடை எத்தனை, கடன் எத்தனை என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அம்மை குத்தியிருக்கிறது என்பதற்கு மட்டும் அப்படி ஒரு கணக்கு இருந்ததா?

திருவிதாங்கூர் அரசு 1879-லேயே அரசு ஊழியர்களுக்கும் கைதிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அம்மை குத்துவதைக் கட்டாயம் ஆக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் மலையில் தேயிலை வைக்க வந்த கூலிக்காரன் அரசு ஊழியனும் அல்ல. அவன் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் இல்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலருடைய கையில் பெரியம்மைக்குக் குத்திய தழும்பு இன்னும் இருக்கும். அந்தக் காலத்தில் அதுதான் பதிவேடு. கையைத் திருப்பிப் பார்த்தால் குத்தியாயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்று அப்படிப் பார்க்க முடியாது. பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோச் சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஊசி. பிறகு 6-வது, 10-வது, 14-வது வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி முதலிய ஐந்து நோய்களுக்கான ஐங்கூட்டு ஊசியும், சொட்டு மருந்துகளும். 9 மாதம் முடிந்தவுடன் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. ஒன்றரை வயதை ஒட்டி மறுபடி ஒரு சுற்று. 5 வயதில் இன்னொரு ஊசி. ஆக, பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்குள் ஏழு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இத்தனையையும் தழும்பில் படிக்க முடியாது. ஒரு தாயின் ஞாபகத்திலும் நிற்காது. எழுத்தில்தான் நிற்க வேண்டும்.

எண்ணியதால் ஒழிந்த நோய்கள்

கணக்கு எழுதுவதால் நோய் போகுமா என்று கேட்பவர்கள் இரண்டு நோய்களின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பெரியம்மை. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். அதற்கு முன்பு சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய், அம்மை கண்ட ஆளின் படத்தைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இருந்தால் அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் எண்ணி, ஒருவர் விடாமல் குத்தினார்கள். 1980-ல் உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது இளம்பிள்ளை வாதம். 1995-ல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் தொடங்கியது. விரலில் மை வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் ஊழியர்கள் வீடு தேடி வந்து, எல்லாப் பிள்ளைகளும் மருந்து எடுத்த வீட்டுக்கு ஓர் அடையாளமும், விட்டுப்போன வீட்டுக்கு வேறு அடையாளமும் சுவரில் சுண்ணக்கட்டியால் போட்டார்கள். விட்டுப்போன வீட்டுக்குத் திரும்பவும் வந்தார்கள். அப்படியும் நோய் ஒழியவில்லை. ஏன்? செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஊர் ஊராய்ப் போகிறவர்களின் பிள்ளைகள் எந்த வீட்டுக் கணக்கிலும் வரவில்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகு சூளைகளையும் வேலைத்தளங்களையும் நாடோடிக் குடிசைகளையும் தனியாகப் பட்டியலிட்டார்கள். பஸ் நிலையத்திலும் ரயிலடியிலும் நின்று மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்ட நோயாளிதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் நம் நாட்டுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

தோழர்களே, இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இடம் பெயரும் உழைப்பாளியின் பிள்ளையைக் கணக்கில் சேர்க்காத வரையில் மாளிகையில் இருந்த பிள்ளைக்கும் பாதுகாப்பு முழுமையாகவில்லை. நம்மைச் சேர்ப்பது நமக்குச் செய்யும் தருமம் அல்ல. ஊர் முழுவதற்குமான காவல்.

பதிவேடு எப்படி வேலை செய்கிறது?

பழைய முறையில் நர்சம்மாவிடம் ஒரு பெரிய நோட்டு இருக்கும். தாயின் கையில் ஓர் அட்டை இருக்கும். நோட்டு அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தை விட்டு நகராது. அட்டை மழையில் நனையும், கரையான் அரிக்கும், தகரப்பெட்டியோடு தொலையும்.

மாநிலம் முழுவதற்குமான பதிவேடு என்பது வேறு வகை. தாய் கர்ப்பமான உடனே அவளுக்கு ஓர் எண் கொடுக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் அதன் கணக்கு அந்த எண்ணோடு சேர்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாலும் அதே கணக்கில் ஏற வேண்டும். இந்த வாரம் யார் யாருக்கு ஊசி வர வேண்டும், போன வாரம் வராதவர் யார் என்ற பட்டியலைக் கணினியே எடுத்துக் கொடுக்கும். முதல் ஐங்கூட்டு ஊசி போட்டவர்களில் எத்தனை பேர் மூன்றாவதுக்கு வரவில்லை என்று பார்த்தால், எந்தப் பக்கம் ஓட்டை இருக்கிறது என்று மருத்துவ அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

இது ஏதோ புதுமைக்காகக் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவில் 1989 முதல் 1991 வரை தட்டம்மை பரவி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரிதும் அடிபட்டவை பெருநகரங்களில் வாழ்ந்த கறுப்பின, லத்தீன் ஏழைக் குடும்பங்களின் சின்னஞ்சிறு பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று எந்த இடத்திலும் ஒரே கணக்காக இல்லை. அதன் பிறகுதான் அங்கே மாநிலந்தோறும் தடுப்பூசிப் பதிவேடுகள் வளர்ந்தன. பணக்கார நாட்டிலும் ஏழையின் பிள்ளை இறந்த பிறகே கணக்குப் புத்தகம் திறந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் தாயையும் சேயையும் தொடர்ந்து கவனிக்கும் கணினிப் பதிவு 2009-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் பிக்மி என்ற பதிவேடு இருக்கிறது. 2017-ல் அதைப் புதுப்பித்தபோது, பிறப்புச் சான்றிதழ் வாங்கவே அந்தக் கர்ப்பகாலப் பதிவு எண் வேண்டும் என்று ஆக்கினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி பெறவும் அந்த எண் வேண்டும். பிறகு மத்திய அரசு, கொரோனா ஊசிக்கு வைத்த கோ-வின் மாதிரியிலேயே யு-வின் என்ற பதிவேட்டை 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் விரித்தது. எந்த மாநிலத்தில் ஊசி போட்டாலும் ஒரே கணக்கில் ஏறும், கைபேசியிலேயே சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் வாக்குறுதி.

வாக்குறுதி நல்லது. அது பெரட்டுக்களம் வரை வந்து சேர்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

இரண்டு கணக்கிலும் குறை இல்லை

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். பேர் வேண்டாம், அவள் நம் லயத்தில் எந்த வீட்டிலும் இருக்கலாம். கர்ப்பமான செய்தியை இங்கே ஆஷா அக்காவிடம் சொல்லிப் பேர் பதிந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போனாள். தாய் வீடு தென்காசிப் பக்கம். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். அங்கே ஒரு கணக்கு திறந்தார்கள். பிறந்தவுடன் போட வேண்டிய ஊசியும் ஆறாவது வார ஊசியும் போட்டார்கள். பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆகும்போது வேலைக்குத் திரும்ப வேண்டுமே என்று மலை ஏறி வந்துவிட்டாள். இடையில் ஒரு தவணை நடந்தது, ஒரு தவணை நடக்கவில்லை.

இப்போது ஒன்பதாம் மாதம். தட்டம்மை ஊசி போட வேண்டிய நாள். தென்காசிப் பக்கத்து நர்சின் பட்டியலில் பிள்ளையின் பேர் வருகிறது. அவர் போன் போடுகிறார். அந்த எண் பாட்டியுடையது. அல்லது அந்த சிம் கார்டையே எடுத்துப் போட்டாயிற்று. கடைசியில் "குடி பெயர்ந்துவிட்டார்" என்று எழுதி அந்தப் பேரைக் கழித்துவிடுகிறார்கள். இங்கே மூணாறிலோ, கர்ப்பம் பதிவாகியிருக்கிறது. பிள்ளை பிறந்த செய்தி பதிவாகவில்லை. ஆகவே இங்கத்துப் பட்டியலில் அந்தப் பிள்ளை வரவே இல்லை.

மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் அறிக்கை போகிறது. அங்கே கழித்த பேர் குறையாகத் தெரியாது. இங்கே ஏறாத பேரும் குறையாகத் தெரியாது. இரண்டு கணக்கிலும் குறை இல்லை. பிள்ளைக்கு மட்டும்தான் குறை.

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்தப் பழைய வழக்கை இன்று திறக்க நாம் வரவில்லை. ஆனால் கோடு போட்ட பிறகும் நம் கலியாணம், பிரசவம், சாவு, திருவிழா எல்லாம் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான் நடக்கின்றன. போடிமெட்டு வழியாகவும் மறையூர், சின்னாறு வழியாகவும் ஏறி இறங்கும் பஸ்களில் கைப்பிள்ளையோடு போகும் தாய்மார்களைப் பார்த்தாலே இது தெரியும். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி எஸ்டேட்டுகளிலும் நம் சனங்களின் கதை இதுவே. பஸ்ஸுக்குப் பெர்மிட் கொடுக்க இரண்டு அரசுகளும் பேசுகின்றன. ஆற்றுத் தண்ணீருக்குப் பேசுகின்றன. பிள்ளையின் ஊசிக் கணக்குக்கும் பேச வேண்டாமா?

கேரளத்துக்குச் சுகாதாரத்தில் நல்ல பேர் உண்டு; அது உழைத்துச் சம்பாதித்த பேர்தான். ஆனாலும் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான பிள்ளைகளில் அடிப்படை ஊசிகள் எல்லாம் பெற்றவர்கள் கேரளத்தில் 2015–16 ஆய்வில் சுமார் 82 சதவீதம். அடுத்த ஆய்வில், 2019-ல், சுமார் 78 சதவீதம். தமிழ்நாட்டிலோ இதே இரண்டு ஆய்வுகளுக்கிடையே சுமார் 70-லிருந்து 89-க்கு உயர்ந்தது. நல்ல பேர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டால் கணக்கு இறங்கிவிடும் என்பதற்கு இது சாட்சி.

கணக்கு இறங்கினால் நோய் ஏறும். 2016-ல் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்து உயிர் குடித்தது. 2022 கடைசியில் அதே மலப்புரத்திலும், மும்பையிலும், அகமதாபாத்திலும், ராஞ்சியிலும் தட்டம்மை கிளம்பியது. மும்பையில் அதிகம் அடிபட்டது கோவண்டிப் பகுதி. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழும் குடிசைப் பகுதி அது. ஊசி போடாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குக் கொடுத்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். ஒரு சுவரில் இரண்டு வீடு சாய்ந்திருக்கும் நம் லயங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

பெட்டிமுடியும் ஹூஸ்டனும்

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து விழுந்ததை நாம் மறக்க முடியாது. 70 பேரை இழந்தோம். அதில் எத்தனை பிள்ளைகள்! அந்த வேதனையைச் சொல்லி உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. லயம் மண்ணுக்குள் போகும்போது அதிலிருந்த காகிதமும் போகிறது. ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், ஊசி அட்டை எல்லாம் போகின்றன. உயிரோடு மிஞ்சியவர்கள் தாங்கள் யார் என்று மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைக் கத்ரீனா புயல் அடித்தது. வீடிழந்த குடும்பங்கள் பக்கத்து மாநிலமான டெக்சாசில், ஹூஸ்டன் நகரத்துக்கு ஓடின. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஊசிச் சான்று கேட்டார்கள். அட்டை வெள்ளத்தில் போய்விட்டது. ஆனால் லூசியானாவின் பதிவேடு கணினியில் இருந்தது. இரண்டு மாநிலத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசி, சில வாரங்களுக்குள் அதை ஹூஸ்டன் பதிவேட்டோடு இணைத்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கணக்கு கிடைத்தது. போட்ட ஊசியையே மறுபடி போட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

இரண்டு மாநிலம், இரண்டு சட்டம், இரண்டு பதிவேடு என்றாலும் மனம் இருந்தால் சில வாரங்களில் இணைக்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி. இடுக்கிக்கும் தேனிக்கும் இடையே ஒரு மலைதான் இருக்கிறது.

நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

பதிவேடு வேண்டும் என்று கேட்கிறோம். அதற்காக எதை நீட்டினாலும் கைநாட்டு வைக்கிறவர்கள் நாம் அல்ல. மூன்று விஷயங்களில் விழிப்பு வேண்டும்.

ஒன்று: கருவி இல்லாதவனைக் கருவி தள்ளிவிடக் கூடாது. 2021-ல் கொரோனா ஊசிக்கு முதலில் கைபேசியில் பதியச் சொன்னார்கள். ஸ்மார்ட் போன் இல்லாதவன் என்ன செய்வான் என்று அந்த ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே கேட்டது. பிள்ளைகளின் ஊசிக்கு அந்த நிலை வரக் கூடாது. நேரில் வந்து நிற்கும் தாய்க்கு ஊசியும் போட வேண்டும், பதிவும் செய்து தர வேண்டும். ஆதார் இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் சலுகையை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: நம் விவரம் நம் விவரமாக இருக்க வேண்டும். 2023 ஜூனில் கொரோனா ஊசிப் பதிவில் இருந்தவர்களின் விவரம் டெலிகிராமில் கிடைக்கிறது என்று செய்தி வந்தது. கோ-வினிலிருந்து நேராகக் கசியவில்லை என்று அரசு மறுத்தது. எது எப்படி இருந்தாலும், பிள்ளையின் உடம்புக் கணக்கு டாக்டருக்கும் நர்சுக்கும் தாய் தகப்பனுக்கும் மட்டுமே உரியது. அது தோட்ட நிர்வாகத்தின் மேசைக்கோ, போலீசின் மேசைக்கோ போகக் கூடாது.

மூன்று: பதிவேடு ஒரு விளக்கு. விளக்கு அடுப்பு ஆகாது. எந்தப் பிள்ளைக்கு ஊசி விட்டுப்போயிற்று என்று அது காட்டும். ஊசியைக் கொண்டுவந்து போடாது. நர்சு இடம் காலியாகக் கிடந்தால், ஜீப்பு போகாத டிவிஷனுக்கு மழைக்காலத்தில் யாரும் வராவிட்டால், கணினி என்ன செய்யும்? ஊசி போடும் நாள் புதன்கிழமை. அது நமக்கு வேலை நாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாயைப் பார்த்து, "அக்கறை இல்லாதவள்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பட்டியலில் சிவப்பில் வரும் பேர் தாயின் குற்றப்பத்திரிகை ஆகிவிடக் கூடாது. அது அதிகாரிக்கு வந்த நினைவூட்டல் என்றே பொருள்.

நாம் கேட்பவை

தோட்டத்தில் ஆஸ்பத்திரியும் பிள்ளைக் காப்பகமும் வேண்டும் என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தச் சட்டம் 2020-ன் தொழில்சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டுவிட்டது. சட்டத்தின் பேர் மாறலாம். பிள்ளையின் தேவை மாறாது. ஆகவே நாம் கேட்கிறோம்:

1. ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளி விடுமுறைக்குப் பிறகும் தீபாவளிக்குப் பிறகும், லயம் லயமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை எண்ண வேண்டும். புதிதாக வந்த பிள்ளையும் ஊருக்குப் போன பிள்ளையும் அதில் வர வேண்டும்.

2. தேனியில் திறந்த கணக்கைத் தேவிகுளத்து நர்சு பார்த்துத் தொடர வேண்டும். இங்கே திறந்ததை அங்கே தொடர வேண்டும். "குடி பெயர்ந்தார்" என்று கழிக்குமுன் எங்கே போனார் என்று எழுதி, அந்த ஊருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். இடுக்கி–தேனி, பாலக்காடு–கோயம்புத்தூர் சுகாதார அதிகாரிகள் மாதம் ஒரு முறை இந்தப் பட்டியலை ஒத்துப் பார்க்க வேண்டும்.

3. ஊசி நினைவூட்டும் செய்தி தமிழிலும் வர வேண்டும். படிக்கத் தெரியாத வீட்டுக்கு ஆள் வந்து சொல்ல வேண்டும்.

4. பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ கூலி வெட்டக் கூடாது. அல்லது ஊசியைப் பிள்ளைக் காப்பகத்துக்கே கொண்டு வர வேண்டும்.

5. எந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எந்தத் தவணை பாக்கி என்ற எண்ணிக்கையை, பேர் சொல்லாமல், பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகள் நமக்கு மட்டுமல்ல. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து இன்று நம் பக்கத்து லயத்தில் தங்கிக் கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகளுக்கும்தான். அவர்களை அரசு அதிதி என்கிறது. நம்மை விருந்தாளி என்றும் சொல்வதில்லை, வீட்டுக்காரர் என்றும் சொல்வதில்லை. நேற்று நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். பாஷை தெரியாத அந்தத் தாய்க்குச் சுகாதார நிலையத்துக்கு வழி காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்பது பாதி, செய்வது பாதி. ஊருக்குப் பிரசவத்துக்குப் போகும் பெண் கிளம்புமுன் ஆஷா அக்காவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்த வாரமே பிள்ளையையும் அட்டையையும் கொண்டு போய்க் காட்ட வேண்டும். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து, ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பதிவின்போது மாறாத ஒரு போன் எண்ணைக் கொடுங்கள். கொடுத்த எண்ணையும் பதிவு எண்ணையும் அட்டை மூலையில் எழுதி வையுங்கள்.

ஒரு தவணை விட்டுப்போயிற்றென்று பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை ஊசி தவறியிருந்தால் ஐந்து வயது வரை போடுகிறார்கள். நர்சம்மா திட்டுவாரோ என்று தயங்கினால் சங்கத்து மாதர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். ஊசி போட்ட அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் அடிப்பது வழக்கம்தான். பயம் இருந்தால் நர்சிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டு வதந்தியிடம் கேட்காதீர்கள்.

நம் சங்கம் டிவிஷனுக்கு இரண்டு பெண் தோழர்களை இதற்கென்று கேட்கிறது. அவர்கள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தால் போதும். லயத்தில் பிள்ளை பேர், பிறந்த தேதி, எங்கே பிறந்தது, அடுத்த ஊசி எப்போது என்று எழுதி, மாதம் ஒரு முறை ஆஷா அக்காவின் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நம் நோட்டில் இருந்து அவர் பட்டியலில் இல்லாத பேர்தான் நமக்கு முக்கியம். அந்த நோட்டைத் தாய்மாரின் சம்மதத்தோடு எழுதுங்கள். வேறு யாருக்கும் காட்டாதீர்கள்.

2015 செப்டம்பரில் இந்த மூணாறு வீதியில் நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தலைவர்கள் தங்கள் கணக்கில் நம்மை மறந்துவிட்டார்கள் என்று கண்டதும், தங்கள் கணக்கைத் தாங்களே கேட்டார்கள். இருபது சதவீதம் வாங்கிய பிறகே எழுந்தார்கள். கூலிக் கணக்கைக் கேட்கத் தெரிந்த அந்தப் பெண்களுக்குப் பிள்ளையின் கணக்கைக் கேட்கத் தெரியாதா?

நோட்டை இன்றே கூட்டம் முடிந்ததும் மேசையில் வாங்கிக்கொள்ளலாம். டிவிஷன் பேரைச் சொல்லி வாங்கிப் போங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முதல் பக்கமாவது நிரம்பி வரட்டும்.